வீடு அவளுடையது, கதை யாருடையது?

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பூட்டானைப் பற்றிப் பேசுவோர் பலரும் 'மகிழ்ச்சியின் நாடு' என்று தொடங்கி, அச்சொல்லோடே முடித்துவிடுவர். நான் அந்நாட்டுப் பெண்ணைப் பற்றியும், அவளைக் காட்டும் திரைப்படங்களைப் பற்றியும் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

பூட்டானின் மேற்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் வீடும் நிலமும் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. மணமகன் பெண் வீட்டிற்கு வந்து சேர்கிறான். பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுப் போராடிய எவருக்கும் இது பெரும் விடுதலையாகத் தோன்றும். ஆனால் வீட்டைப் பெறும் மகள், முதிய பெற்றோரைப் பேணும் கடமையையும் சேர்த்தே பெறுகிறாள். நாற்று நடுவதும், மாடு பேணுவதும், தறியில் கிரா நெய்வதும் அவள் பொறுப்பு. மகன் பள்ளியை நோக்கி மலையிறங்கிய நாள்களில், மகள் நிலத்தைக் காத்து நின்றாள்.

சட்டமும் மெல்லவே நடந்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையைப் பூட்டான் 1981இல் ஏற்றது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ 2013இல்தான் வந்தது. நாட்டின் முதல் பெண் அமைச்சராகத் தோர்ஜி சோதென் பொறுப்பேற்றதும் அவ்வாண்டில்தான். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் 47 இடங்கள் கொண்ட தேசியப் பேரவைக்குச் சென்ற பெண்கள் எழுவர் மட்டுமே. வீட்டில் உரிமை பெற்றவளுக்கு அவையில் அதே உரிமை தானாக வந்துவிடவில்லை.

திரைக்கு வருவோம். பூட்டானின் முதல் கதைப்படமாகக் கூறப்படும் 'காசா லாமாய் சிங்யே' 1989இல் வந்தது. அதற்கு மூலம் ஒரு வாய்மொழிக் காதற்கதை. காதலனின் கருவைச் சுமந்த காலெம், பெற்றோர் காட்டிய அதிகாரியை மணக்க மறுக்கிறாள். வீட்டினின்றும் துரத்தப்பட்டு மடிகிறாள். வீடு மகளுக்கென்ற மண்ணிலேயே, தன் விருப்பத்தைச் சொன்ன மகளுக்கு வீடு இல்லாமற் போயிற்று!

2019இல் பாவோ சோயினிங் தோர்ஜி இயக்கிய 'லுனானா', 2022இல் ஆஸ்கார் இறுதிப் பட்டியல் வரை சென்றது. ஆஸ்திரேலியா செல்லத் துடிக்கும் ஆசிரியனுக்கு, மலையூர்ப் பெண் சல்தோன் ஒரு பாடல் கற்றுத் தருகிறாள். முடிவில் அவன் அதைச் சிட்னியின் மதுக்கூடம் ஒன்றில் பாடுகிறான். பாட்டுக்குக் கடல் கடக்க வாய்த்தது. கற்றுத் தந்தவளோ மலையிலேயே இருக்கிறாள். அழகிய படம்தான், எனினும் இவ்விடம் என் நெஞ்சை உறுத்துகிறது.

இவ்வுறுத்தலுக்கு விடைபோல் அமைபவை பெண் இயக்குநர் தெச்சென் ரோதரின் படங்கள். 2016இல் வந்த அவரது முதல் முழுநீளப் படத்தில், ஊரார் பேய்மகள் என்று ஐயுறும் ஒருத்தி, தன்னைப் பின்தொடரும் காவலனுக்கு முன்னைத் தெய்வப் பெண்டிரின் கதைகளைச் சொல்கிறாள்; அவன் கேட்கிறான். 2024இல் வந்த படத்தில், தன் முகச்சாயல் கொண்ட வேறொருத்தியின் அந்தரங்கக் காட்சி பரவியதால் ஓர் ஆசிரியை வேலை இழக்கிறாள். அவள் வீட்டில் அடங்கவில்லை. அந்த மற்றொருத்தியைத் தேடிப் புறப்படுகிறாள். இம்முறை பயணம் பெண்ணுடையது.

கவிஞர்களே, சொத்துரிமையைச் சட்டம் தரலாம். தன் கதையைத் தானே சொல்லும் உரிமையைக் கலையும் சேர்ந்துதான் தரவேண்டும். பெண்ணைப் பாடும்போதெல்லாம், அவளைப் பாட விட்டோமா என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அடுத்த பத்தாண்டுக்கு இவ்வட்டம் ஏற்கத்தக்க பணி இதுவென்று கருதுகிறேன்.