இரும்புத் தட்டுகளும் ஒற்றைத் தலையிடியும்

(யேர்மனியில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அன்பிற்குரிய பெற்றோர்களே, இளையோரே! உடற்பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்றே என்னை அழைத்திருந்தார்கள். ஆனால் மண்டபத்து வாசலில் மூன்று தாய்மார் என்னை மறித்துத் தலையிடியைப் பற்றிக் கேட்டார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகின்றேன். என்னுடைய வாழ்வில் இவை இரண்டும் தனித்தனியாக இருந்ததில்லை.

எனது வலது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. ஊரில் சிறுவனாக இருந்த காலத்தில் மிதிவெடியில் போனது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் பொருத்திய செயற்கைக் காலுடன்தான் 1997 ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தேன். பதினான்காவது வயதில் ஒற்றைத் தலையிடி தொடங்கியது. நமது மூத்தோர் கபாலக்குத்து என்று சொல்வது இதைத்தான். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சோறு வேகும் மணம்கூட ஆகாது. "கால் போனது காணாதெண்டு தலையுமோ?" என்று அம்மா அழுவார். அவர் அழுவார் என்பதற்காகவே நான் வலியை மறைக்கப் பழகினேன். அதன் விளைவைப் பின்னர் சொல்கின்றேன்.

பத்தொன்பதாவது வயதில் இரும்பு தூக்கத் தொடங்கினேன். உடற்கட்டமைப்புக் கலைக்கும் இந்த மண்ணிற்கும் உள்ள உறவு அப்போது எனக்குத் தெரியாது. நவீன உடற்கட்டமைப்பின் தந்தை எனப்படும் யூஜின் சாண்டோ, 1867 இல் அன்றைய பிரசியாவின் கொனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தவர். 1901 செப்டெம்பர் 14 அன்று இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டிக்கு, எழுத்தாளர் ஆர்தர் கொனன் டொயிலும் நடுவராக அமர்ந்திருந்தார். சாண்டோவின் பெயர் தமிழர்களுக்குப் புதியதன்று. படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த "சாண்டோ" இவருடையதுதான். பழைய எம்.ஜி.ஆர். படங்களைப் பார்த்த பெற்றோருக்கு இது நினைவிருக்கும்.

இன்னொருவர், என் மனத்துக்கு மிக நெருக்கமானவர், லூட்விக் குட்மன். 1899 இல் பிறந்த யூத நரம்பியல் மருத்துவர். பிரெஸ்லவ் நகரில் பணியாற்றிவிட்டு, நாட்சிகளின் கொடுமைக்குத் தப்பி, 1939 இல் குடும்பத்துடன் இங்கிலாந்திற்கு அகதியாகச் சென்றார். 1944 இல் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தவரைக் கட்டிலில் கிடத்தி, இறப்பிற்காகக் காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. குட்மன் அவர்களின் கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, இலண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், பதினாறு பேர் அம்பெய்தனர். அதுவே 1960 இல் உறோமில் நடந்த போட்டிகளாகவும், பின்னர் பராலிம்பிக் என்ற பெயராகவும் வளர்ந்தது. 1972 இல் மூன்சனில் ஒலிம்பிக் நடந்தபோது பராலிம்பிக் ஹைடல்பேர்க்கிற்குச் சென்றது. ஒலிம்பிக் வீரர் குடியிருப்பை மாற்றிக் கட்டி வீடுகளாக விற்க வேண்டியிருந்ததாம்! வீட்டு விற்பனை எப்போதும் அவசரமானதுதான்.

பராலிம்பிக்கில் பாரம்தூக்கல் 1964 முதல் உண்டு; பெண்களுக்கு 2000 ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து. கால்களை வாங்கிலோடு பட்டியால் கட்டிக்கொண்டு, படுத்த நிலையில் நெஞ்சிலிருந்து தூக்குவார்கள். ஈரானின் சியாமண்ட் இரகுமான் 2016 இல் இறியோவில் 310 கிலோ தூக்கினார். உடற்கட்டழகுப் போட்டி பராலிம்பிக்கில் இல்லை. அது வேறு உலகம். சக்கர நாற்காலிப் பிரிவு மிஸ்டர் ஒலிம்பியா மேடையில் முதன்முதலாக 2018 இல் ஏறியது. அமெரிக்கரான ஹரோல்ட் கெலி அதில் வென்றார். இந்தியாவில் பஞ்சாப் மாநிலம் லூதியானாவைச் சேர்ந்த ஆனந்த் ஆர்னல்ட், பதினைந்தாவது வயதில் முள்ளந்தண்டுப் புற்றுநோயால் நடக்கும் ஆற்றலை இழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்துறையில் பெயர் பெற்றார். பிள்ளைகளே, இவர்களின் காணொளிகளைப் பாருங்கள். முதுகுத் தசையை விரித்துக் காட்டும்போது நாற்காலி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்த சிக்கலுக்கு வருகின்றேன்.

ஒற்றைத் தலையிடி உள்ளவனுக்கு மருத்துவர் சொல்வது என்ன? நேரத்திற்கு உண். நேரத்திற்கு உறங்கு. தண்ணீர் குடி. எதையும் திடீரென மாற்றாதே. மேடைக்கு ஆயத்தமாகும் உடற்கட்டாளர் செய்வது என்ன? பல வாரங்கள் உணவைக் குறைப்பார். கொழுப்புக் கரையக் கரைய உறக்கம் கெடும். கோப்பியும் காபின் கலந்த தூளும் அளவின்றிப் போகும். கடைசி நாட்களில், தோல் தசையோடு ஒட்டித் தெரிய வேண்டும் என்று தண்ணீரையே நிறுத்துவார். ஒற்றைத் தலையிடியைக் கூப்பிட்டு வாசலில் கோலம் போட்டு வரவேற்பதற்கு இதைவிட வழி இல்லை.

நான் இதைச் செய்தேன். 2009 இல், ஒரு சிறு போட்டியில் என்னைப் போன்ற மூவருக்கு இடம் தந்திருந்தார்கள். இரண்டு நாட்கள் ஏறக்குறையத் தண்ணீரே குடிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் உடலுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தபோது, இடது கண்ணின் ஓரத்தில் பளபளவென்று வளைந்த கோடுகள் ஓடின. வலிக்கு முன் வரும் அறிகுறி அது. இரண்டு மாத்திரைகளை நீரின்றி விழுங்கினேன். மேடை விளக்குகள் எரிந்ததும் எனக்கு முன்னால் இருந்த நடுவர்களின் முகங்கள் பாதி பாதியாகத் தெரிந்தன. கட்டளையிட்ட நிலைகளை எல்லாம் நின்று காட்டினேன். இறங்கி வந்து வாளியொன்றில் வாந்தி எடுத்தேன். மூன்றாம் இடம் கிடைத்தது. மூவரில் மூன்றாம் இடம்.

நான் தப்பினேன். எல்லோரும் தப்புவதில்லை. ஒஸ்திரிய நாட்டு உடற்கட்டாளர் அன்ட்றியாஸ் முன்சர், தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத உடலுக்காகப் புகழ்பெற்றவர், 1996 மார்ச்சில் மூன்சனில் உள்ளுறுப்புகள் செயலிழந்து இறந்தார். வயது 31. நீரை வெளியேற்றும் மருந்துகளும் ஊக்கமருந்துகளும் அவரைக் கொண்டுபோயின. இளையோரே, உங்கள் பயிற்சி நிலையத்தில் யாராவது "தண்ணீர் மாத்திரை" தந்தால், அவரை நண்பர் என்று எண்ணாதீர்கள்.

போட்டிக்குப் பின் வலி குறையவில்லை, கூடியது. கூடியபோது மாத்திரையும் கூடியது. ஒரு நாள் அம்மா எனது பயிற்சிப் பையைத் துவைக்க எடுத்தபோது, உள்ளே வெறும் மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்தன. அவர் ஏசவில்லை. அழவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து, தமிழ்க் கடையில் தைமாதம் இலவசமாகத் தரும் நாட்காட்டி இருக்கிறதல்லவா, அதில் நான் மாத்திரை போடும் ஒவ்வொரு நாளையும் சிவப்புப் பேனாவால் சுற்றத் தொடங்கினார். நல்ல நேரம், இராகு காலம், அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம்.

நரம்பியல் மருத்துவரிடம் சென்றபோது அம்மா அந்த நாட்காட்டியையும் கொண்டுவந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மருத்துவரோ அதை மேசையில் விரித்து விரலால் எண்ணினார். அந்த மாதத்தில் 19 வட்டங்கள். "உங்கள் தலையிடியின் ஒரு பகுதியை நீங்களே உண்டாக்குகிறீர்கள்" என்றார்.

இது பலருக்குத் தெரியாது. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலையிடி இருந்து, அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, அவற்றில் எட்டு நாட்களாவது ஒற்றைத் தலையிடியின் தன்மையோடு இருந்தால், அது நாட்பட்ட ஒற்றைத் தலையிடி எனப்படும். வலி மாத்திரையை அடிக்கடி எடுத்தால் அந்த மாத்திரையே மூளையைத் தலையிடிக்குப் பழக்கிவிடும். யேர்மனிய மருத்துவர்கள் இதற்கு 10-20 விதி என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மாத்திரை எடுக்கும் நாட்கள் மாதத்தில் பத்தைத் தாண்டக்கூடாது, இருபது நாட்களாவது மாத்திரையின்றி இருக்க வேண்டும். அம்மாவின் சிவப்பு வட்டங்கள் செய்த வேலையைத்தான் தலையிடி நாட்குறிப்பு என்று மருத்துவமனைகளில் அச்சிட்டுத் தருகிறார்கள்.

மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரங்களைப் பற்றி நான் விரிவாகப் பேசப்போவதில்லை. கடினமாக இருந்தன. பின்னர் தடுப்பு மருந்து தொடங்கினார்கள். பீட்டா தடுப்பான் தந்தபோது நாடித்துடிப்பு ஏறாமல், பயிற்சியில் பாதியிலேயே களைத்தேன். அதை மருத்துவரிடம் சொன்னதும் மாற்றினார். சொல்லியிருக்காவிட்டால் நானாகவே நிறுத்தியிருப்பேன். நம்மவர் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நாட்பட்ட ஒற்றைத் தலையிடிக்கு 2011 முதல் இங்கு பொட்டொக்ஸ் ஊசிக்கு அனுமதி உண்டு. 2018 முதல் சி.ஜி.ஆர்.பி. எனும் புரதத்தின் வழியை மறிக்கும் ஊசிகளும் ஐரோப்பாவில் கிடைக்கின்றன. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

உடற்பயிற்சியை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சுவீடனின் கொத்தன்பேர்க்கில் செய்து 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரம் மூன்று முறை நாற்பது நிமிட மிதமான பயிற்சி, டோப்பிறமேற் மருந்திற்கு நிகரான பயனைத் தந்தது. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு உச்ச எடையைத் தூக்குவது வேறு. இப்போது நான் தூக்கும்போது மூச்சை வெளியே விடுகின்றேன், தலை தாழும் வாங்கில் படுப்பதில்லை, மூன்று மணி நேரத்திற்கொருமுறை உண்கின்றேன். மேடைக்காகத் தண்ணீரை நிறுத்துவதில்லை. அதனால் என் உடற்தசை மற்றவர்களைப்போல் வரிவரியாகத் தெரியாது. நடுவர்கள் அதற்குப் புள்ளி குறைக்கிறார்கள். குறைக்கட்டும்.

சக்கர நாற்காலியில் இருக்கும் இளையோருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சின் மேற்பகுதி முள்ளந்தண்டிலோ கழுத்திலோ காயமுற்றவருக்குத் திடீரெனத் தலை இடித்து, முகம் சிவந்து, வியர்த்தால், அதை ஒற்றைத் தலையிடி என்று எண்ணி இருட்டறையில் படுக்கக்கூடாது. நிரம்பிய சிறுநீர்ப்பையோ, இறுக்கிய பட்டியோகூட இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவிற்கு ஏற்றிவிடும். நிமிர்ந்து உட்கார வேண்டும், இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும், அடங்காவிட்டால் 112 ஐ அழைக்க வேண்டும். இந்த அழுத்த ஏற்றத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் போட்டியிட்ட வீரர்களும் இருந்தார்கள். அனைத்துலகப் பராலிம்பிக் குழு அதைத் தடைசெய்திருக்கிறது. யாராயினும், இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்தைத் தொடும் தலையிடி வந்தால் அதே இலக்கம்தான்.

பெற்றோர்களே, இந்நாட்டில் உங்கள் பிள்ளைக்கு உள்ள உரிமைகளை நம்மவர் பாதிப்பேர் கேட்பதே இல்லை. "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்ற பயம். ஒற்றைத் தலையிடியையும் ஊனமாகக் கணக்கிட யேர்மனியச் சட்டத்தில் இடமுண்டு: நடுத்தரமானதற்கு 20 முதல் 40 வரை, கடுமையானதற்கு 50 முதல் 60 வரை. 50 இலிருந்து கடும் ஊனமுற்றோருக்கான அட்டை கிடைக்கும். பாடசாலையில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம். குடும்ப மருத்துவர் எழுதித் தந்தால் றேகாஸ்போர்ட் எனும் மறுவாழ்வு உடற்பயிற்சிக்குக் கிராங்கன்காசை பணம் செலுத்தும். வழக்கமாகப் பதினெட்டு மாதங்களில் ஐம்பது தடவைகள். செயற்கைக் கால் உள்ளவருக்கும், போலியோ வந்தவருக்கும், ஊரில் காயப்பட்டு இன்றும் வலியோடு வேலைக்குப் போகும் தந்தையருக்கும் இது பொருந்தும். அட்டை எடுத்தால் மகளுக்குத் திருமணம் தடைப்படும் என்று என்னிடம் ஒருவர் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. என் மனைவியைக் காட்டினேன்.

வாசலில் கேட்ட அம்மாவுக்கு: உங்கள் மகன் பொய் சொல்கிறானா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. ஒரு நாட்காட்டி வாங்கி, இரண்டு மாதங்கள் அவனே குறிக்கட்டும். பின்னர் அதை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் இவ்வாண்டு நாட்காட்டியும் தொங்குகிறது. சென்ற மாதத்தில் ஐந்து வட்டங்கள். அவற்றில் இரண்டு, பயிற்சி நாட்கள். அம்மாவுக்கு இப்போது கண் மங்கல், ஆகவே நான்தான் குறிக்கின்றேன்; அவர் மாதக் கடைசியில் வந்து எண்ணிப் பார்ப்பார்.

கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். மேடையில் கேட்க விரும்பாதவர்கள் தேநீர் வேளையில் வாருங்கள்.