இழுத்துப் பொருத்திய இறப்பர்



மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒட்டுப் போடுவதைப் பற்றிப் பேசுகிறார். பழைய உடையில் புதுத் துணியை வைத்துத் தைத்தால், அது சுருங்கும்போது பழையதையும் கிழித்துக்கொண்டு போய்விடும். எனக்குத் தையல் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் வாழ்கிறவர்களுக்குப் பழைய கார் தெரியும். ஆகவே இன்று மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம்.

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான கார் அது. அதன் உற்பத்தி நின்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எங்கள் குடாநாட்டில் அது இன்னும் ஓடுகிறது. 1990களில் பெற்றோல் இல்லாத நாட்களில், கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வைத்தியசாலை போனதும் அதில்தான், கலியாணத்துக்குக் கோவில் வந்ததும் அதில்தான். எஞ்சினுக்கு ஏதோ ஒரு மாற்று வழி எப்போதும் கிடைத்தது. வழி கிடைக்காமல் ஆட்களை அலைய வைத்தது ஒரு சின்னப் பொருள்: முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் இறப்பர்.

1876இலேயே இறப்பர்க் கன்றுகள் வந்து ஹெனரத்கொடவில் நடப்பட்ட நாடு இது. இருந்தும் ஒரு காருக்கு இறப்பர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தேவைப்படுவது அந்த வடிவம். அதன் ஒரு பள்ளத்தில் கண்ணாடி இருக்க வேண்டும், மற்றப் பள்ளத்தில் தகரத்தின் விளிம்பு இருக்க வேண்டும். அதுவும் 1956க்கு முந்திய மொறிஸில் முன் கண்ணாடி இரண்டு துண்டு. பிறகு வந்ததில் வளைந்த ஒரே கண்ணாடி. ஒன்றின் இறப்பர் மற்றதற்குச் சரிவராது.

கராஜ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "சுவாமி, வெயிலிலை இறப்பர் வெடிக்கும். மாரிக்குத் தண்ணி ஒழுகும். உடனை ஆக்கள் என்ன செய்யினம்? வெளியாலை சிலிக்கனைப் பூசிப்போட்டு ஓடுவினம்" என்றார். அப்படிப் பூசினால் அந்த மாரிக்கு உள்ளே நனையாது. ஆனால் ஏற்கெனவே இறப்பருக்கு அடியில் இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். உப்புக்காற்று வீசும் ஊரில் அது போதும். வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே விளிம்பைக் கறள் தின்றுகொண்டிருக்கும்.

வேறு சிலர் நீளமாக விற்கும் ஏதோ ஒரு இறப்பரை வாங்கி, அரை அங்குலம் குறைந்தால் இழுத்துப் பொருத்திவிடுவார்கள். அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் இறப்பர் தன் நீளத்தை மறக்காது. சில மாதங்களில் சுருங்கி, பொருத்தில் இடைவெளி விழும். அதனால்தான் அறிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, நெருக்கி உள்ளே தள்ளுகிறார்கள்.

நேயர்களே, நம் குடும்பங்களில் இப்படி இழுத்துப் பொருத்திய சமாதானங்கள் எத்தனை! காணி எல்லையில் பிரிந்த இரண்டு சகோதரர்கள். தாயின் செத்தவீட்டில் உறவினர் இருவரையும் பிடித்து, "சரி, கையைக் குடுங்கோ, அம்மாவுக்காக" என்கிறார்கள். அவர்களும் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் நிம்மதி. முப்பத்தொன்று முடிய அதே வேலி, அதே வழக்கு. வேலியை யார் தள்ளிப் போட்டது, உறுதியில் என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் கை கொடுக்க வைத்த நாங்கள் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அநியாயம் செய்யப்பட்டவரிடம் இன்னும் கொஞ்சம் வளைந்து கொடு என்று கேட்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது. கறள் இருக்கும் இடத்தைத் திறந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

அந்தப் பெரியவர் முதலில் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். கறளைச் சுரண்டி, விளிம்பு ஓட்டையானால் தகரம் வைத்து ஒட்டி, பூச்சுப் பூசிக் காயவிடுகிறார். சரியான இறப்பரை இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள். எந்த ஆண்டுக் கார் என்று எழுதிக் கேட்க வேண்டும். பார்சல் வரும்வரை கார் கண்ணாடியில்லாமல், தறப்பாள் மூடியபடி நிற்கும். பார்க்க நன்றாக இருக்காது. "சொந்தக்காரர் நாளுக்கு ரெண்டு தரம் ரெலிபோன் எடுப்பார், சுவாமி" என்று சிரித்தார்.

பூட்டும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். இறப்பரைக் கண்ணாடியில் மாட்டி, மற்றப் பள்ளத்தில் நூற்கயிறு ஒன்றைச் சுற்றிவிட்டு, சவர்க்காரத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து வைக்கிறார்கள். ஒருவர் உள்ளே இருந்து கயிற்றை மெல்ல மெல்ல இழுக்க, இறப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே வருகிறது. மற்றவர் வெளியே நின்று, கயிறு வரும் இடத்தில் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நகர்கிறார். கண்ணாடிக்கு இப்பக்கமும் அப்பக்கமுமாக, முகத்துக்கு முகம் பார்த்தபடி.

அன்று வெளியே நின்று அழுத்தியவர், காரின் சொந்தக்காரர்.