பாதயாத்திரைக்கு வாக்கி டாக்கி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

(நம் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தைப்பூசத்துக்கு நம் குடியிருப்பிலிருந்து பழனிக்கு நடந்து போகும் குழுவுக்கு வாக்கி டாக்கி வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும்படி போன கூட்டத்தில் என்னிடம் சொன்னீர்கள். ஒரு மாதமாக விசாரித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தப் பேச்சு ஏன் வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். போன வருஷம் நம்மோடு வந்த ஒரு பெரியம்மா மலையில் கூட்டத்தில் பிரிந்துவிட்டார். பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்குத் தடை. அதனால் எல்லோர் போனும் அடிவாரத்தில் கவுண்டரில் இருந்தது. நாம் மேலே தேட, அவர் கீழே இறங்கி வின்ச் நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. மூன்று மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. "விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் வாக்கி டாக்கி வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம்.

அதற்குள் நம் நண்பர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த நான்கு கருவிகளைச் சங்கத்துக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்னார். நல்ல மனசு. பெட்டியின் மேல் பனிமலையில் சறுக்கிப் போகிற ஒரு குடும்பத்தின் படம். அந்த நாடுகளில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் மலையில் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் இருக்க இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு வேண்டியதும் அதுதானே என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வங்கியில் இருந்தவனுக்குக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வராது. பெட்டியைத் திருப்பிப் படித்தேன். அதில் அலைவரிசை 462, 467 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. அது அமெரிக்காவில் குடும்பங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பேச அதற்கு அனுமதி இல்லை. ஐரோப்பாவில் இதே வேலைக்கு 446 மெகாஹெர்ட்ஸ். ஆக, ஒரு நாட்டில் விளையாட்டுச் சாமான் மாதிரி விற்பது இன்னொரு நாட்டில் குற்றமாகிவிடும்.

இந்தியாவில் பொதுமக்கள் உரிமம் வாங்காமல் பேசுவதற்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சிறிய பகுதியைக் குறைந்த சக்திக் கருவிகளுக்காக 2018-ம் ஆண்டு விதிகளில் விட்டிருக்கிறார்கள். அலைவரிசைக்கு விலக்கு உண்டு என்பதால் எந்தக் கருவியும் சரி என்று ஆகாது. அந்த மாடலுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு கொடுத்த இ.டி.ஏ. என்னும் சான்றிதழ் இருக்க வேண்டும். வண்டிக்கு ஆர்.சி. புக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடினால் மலிவாக, "5 வாட், பல கிலோமீட்டர்" என்று நிறைய வருகிறது. அவற்றில் பலவற்றில் எந்த எண்ணை அடித்தாலும் அந்த அலைவரிசையில் பேசலாம். அதுதான் ஆபத்து. தெரியாமல் காவல்துறையோ ஆம்புலன்ஸோ பேசும் இடத்தில் நம் ஆள் நுழைந்து "டீ வந்துருச்சா?" என்று கேட்டால் என்ன ஆகும்? தைப்பூசக் கூட்டத்தில் போலீஸ்காரர்களுக்கு அந்த வயர்லெஸ்தான் கை கால் எல்லாம். இதற்கு அபராதம், சிறை இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சரியான விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 13 இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசையையும் சான்றிதழ் விவரத்தையும் விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என்று வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஆகவே "கடையில் விற்கிறார்களே, பிறகென்ன?" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சிலர் ஹாம் ரேடியோ பற்றிக் கேட்டீர்கள். அதற்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். நம்மில் ஒருவர் வாங்கினாலும் மற்றவர்கள் அதில் பேச முடியாது. பேசுகிற ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். குழு நடைக்கு அது பொருந்தாது.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: எவ்வளவு தூரம் எடுக்கும்? அமெரிக்கப் பெட்டியில் 35 மைல் என்று போட்டிருக்கிறது. அது மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்கு, நடுவில் எதுவும் இல்லாமல் பேசினால் வரக்கூடிய கணக்கு. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. கட்டடம், மேடு, லாரி, ஏன், மனித உடம்பு கூடத் தடுக்கும். ஒரு நண்பரிடம் 446 ஜோடி ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். நம் மொட்டை மாடியில் ஒருவரை நிறுத்திவிட்டு வயல் பக்கம் நடந்தபோது இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் தெளிவாகக் கேட்டது. வீடுகளுக்கு நடுவில் தெருவோடு போனபோது அரை கிலோமீட்டரிலேயே பேச்சு உடைந்தது. கண்ணுக்கு எட்டும் தூரம்தான் நம்பகமான தூரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவுதானா என்று சோர்ந்துவிட வேண்டாம். தூரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் நம் நடையை அந்தத் தூரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். நம் குழுவில் இளவட்டங்கள் ஒரு மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டர் முன்னால் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் பின்னால் இருட்டில் தனியாக வருகிறார்கள். முன்னால் ஒரு கருவி, கடைசி ஆளிடம் ஒரு கருவி, தண்ணீரும் மருந்தும் கொண்டுவரும் வண்டியில் ஒரு கருவி. அரை மணிக்கு ஒருமுறை முன்னவர் கூப்பிட வேண்டும். பின்னவர் பதில் சொல்லாவிட்டால் முன்னால் போகிறவர்கள் அங்கேயே நிற்க வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் சின்னக் கருவியே போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

ஒன்று, அலைவரிசை 446.0 முதல் 446.2-க்குள் இருக்கிறதா, வேறு அலைவரிசைக்கு மாற்ற முடியாதபடி இருக்கிறதா. இரண்டு, அதே மாடல் எண்ணுக்கு இ.டி.ஏ. சான்றிதழின் நகல். கடைக்காரர் "எல்லாம் இருக்கு சார்" என்று வாயால் சொன்னால் போதாது. மூன்று, ஜி.எஸ்.டி. பில். நான்கு, ஓர் இரவு முழுவதும் தாங்கும் பேட்டரி. செல்போன் சார்ஜரிலேயே ஏறினால் வசதி. ஐந்து, பெரிய பொத்தான். இருட்டில், கண்ணாடி போடாமல், விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். ஆறு, ஐ.பி.54 என்று இருந்தால் தூசும் பனியும் சாரலும் தாங்கும். ஐ.பி.67 என்றால் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும். நமக்கு முன்னதே போதும்.

"பிரைவசி கோடு" என்று ஒன்றைப் பெருமையாகச் சொல்வார்கள். அது மற்றவர்கள் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்கும்; நாம் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காமல் தடுக்காது. ஆகவே யார் வீடு பூட்டியிருக்கிறது, நகை எங்கே என்பதையெல்லாம் அதில் பேசாதீர்கள்.

பேசுகிற முறையும் பழக வேண்டும். போன் மாதிரி இருவரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. பொத்தானை அழுத்தி, ஒரு நொடி விட்டு, பிறகு பேச வேண்டும். உடனே பேசினால் முதல் வார்த்தை விழுங்கிப் போகும். பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிட வேண்டும். ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. கருவியை நேராக, வாய்க்கு நான்கு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். வேறு குழு நம் சேனலில் இருந்தால் எந்தச் சேனலுக்கு மாறுவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்து, சீட்டில் எழுதிக் கருவியின் பின்னால் ஒட்டிவிட வேண்டும்.

செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். 108-க்கும் 112-க்கும் வாக்கி டாக்கி எட்டாது. அது நமக்குள் பேச மட்டும்.

கடைசியாக, முக்கியமான விஷயம். பெரியம்மா தொலைந்தது சாலையில் அல்ல, மலையில். போனுக்கே தடை இருக்கும் இடத்துக்கு வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு போவது முறையல்ல. அடிவாரத்தோடு அதன் வேலை முடிந்தது. வண்டியில் வைத்துவிட வேண்டும். ஆக, எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் போன வருஷம் நடந்ததற்கு இந்தக் கருவி மருந்தல்ல. அதற்கு மருந்து செலவில்லாதது. மலை ஏறும் முன் அடிவாரத்தில் ஓர் இடத்தை எல்லோருக்கும் நேரில் காட்டி, "பிரிந்தால் இங்கே வந்து உட்காருங்கள், நாங்கள் வருவோம்" என்று சொல்ல வேண்டும். அங்கே நம் ஆள் ஒருவர் கடைசி வரை இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரியவர் மடியிலும் பெயர், வண்டியில் இருப்பவரின் போன் எண், நோய், மருந்து எழுதிய சீட்டு ஒன்று. இரண்டு இரண்டு பேராகப் படி ஏறி, அதே இரண்டு பேராக இறங்க வேண்டும்.

என் யோசனை இதுதான். அமெரிக்கக் கருவிகளை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். சான்றிதழோடு மூன்று கருவிகள் வாங்குவோம். சங்கச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, கொடுத்த தேதி, வாங்கிய தேதி, கையெழுத்தோடு புழங்குவோம். மற்ற நாட்களில் வாட்ச்மேனுக்கும் மோட்டார் அறைக்கும் பயன்படும். கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் மாடியில் கூடி ஒருமுறை பேசிப் பழகுவோம்.

பெரியம்மா இந்த வருஷம் வரவில்லை என்கிறார். காரணம் கேட்டால் முட்டி வலி என்கிறார். முட்டி வலி போன வருஷமும் இருந்தது, அதோடுதான் நடந்தார். இந்த ஏற்பாடுகளையெல்லாம் செய்துவிட்டு, இரண்டு பேராகப் போய் அவரைக் கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை. கடைசி ஆளிடம் இருக்கும் கருவியை அவர் கையிலேயே கொடுக்கலாம். அவர் பதில் சொன்ன பிறகுதான் நாம் எல்லோரும் அடுத்த அடி வைப்போம்.