வறட்சிக் காலத்தில் ஆட்டுக்குத் தழைத்தீவனம்

(விவசாயிகள் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில் மழை பொய்த்த ஆண்டிலும் ஏழைக் குடும்பத்தைத் தாங்கி நிற்பது ஆடேயாகும். ஏழைகளுக்கு விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றதும் இது கருதியே. ஆயினும், ஆடு இருந்தால் மட்டும் போதுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் மாசிக்குள் காய்ந்துவிடுகிறது. அதன்பின் ஆட்டின் வயிறு மரத்தையும் செடியையுமே நம்பியிருக்கிறது.

வெள்ளாடு இயல்பாகவே தழை கடிக்கும் பிராணி. சோளத்தட்டையில் புரதச் சத்து மிகக் குறைவு. அகத்தி, சூபாபுல் தழைகளிலோ அது நிறைய உண்டு. கருவேல், வெள்வேல் நெற்றுகள் கோடையில் உதிர்வது இயற்கை நமக்குச் செய்யும் உதவியாகும். அவற்றைப் பொறுக்கி, உலர்த்தி, சாக்கில் சேமித்து வைத்தல் வேண்டும். வேலியோரத்தில் கிளுவைப் போத்துகளை நட்டால், வேலியும் ஆகும், தழையும் ஆகும்.

சினையாட்டின் வயிற்றில் குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஒன்றரை மாதத்திலேதான். அப்பொழுது தாய் பட்டினி கிடந்தால் மடியில் பால் இராது. பிறந்த குட்டி பிழைப்பது அரிது. ஆகவே சேமித்த நெற்றை முதலில் சினையாட்டுக்கே இடுங்கள்.

சில எச்சரிக்கைகள். சீமைக்கருவேல் நெற்றை அப்படியே தின்றால், செரிக்காத விதைகள் புழுக்கையோடு வயலில் விழுந்து முளைக்கும். இடித்துத் தூளாக்கி, தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கொடுங்கள். சூபாபுல் தழையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கே போதும். துறட்டி கொண்டு மரத்தை மொட்டையடிப்பது அடுத்த ஆண்டுத் தீவனத்தை அழிப்பதாகும். ஒவ்வொரு மரத்திலும் மூன்றில் இரு பங்குக் கிளைகளை விட்டுவையுங்கள்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடு வளர்ப்போருக்கும் மரம் வளர்ப்போருக்கும் பகை வேண்டுவதில்லை. புறம்போக்கில் நட்ட கன்றுகளை ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும் வரை முள்ளடைத்துக் காத்து, பின்னர் மேய்ச்சலுக்குத் திறந்துவிடலாம். ஊராட்சிக்கு உரிமையுள்ள கருவேல மரங்களை ஏலம் விடும்பொழுது, நெற்று உதிர்ந்த பின்னரே வெட்டவேண்டும் என நிபந்தனை விதியுங்கள். உதிர்ந்த நெற்றை ஊர் ஏழைகள் பொறுக்கிக்கொள்ள இசைவு கொடுங்கள். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு தீர்மானமே போதும்.

வரும் கோடைக்கு முன் அத்தீர்மானத்தை நிறைவேற்றுவீர்கள் என நம்பி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.