பாங்காக்கில் ஒற்றை ஆள்

பாங்காக்கைத் தனியாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், முதல் நாளே சென் செப் கால்வாய்ப் படகில் ஏறுங்கள் என்பேன். சுற்றுலாப் படகு அல்ல, அலுவலகம் போகிறவர்கள் ஏறும் படகு. கம்போடியாவுக்காக வியட்நாமோடு சண்டை நடந்த காலத்தில், படைகளைக் கிழக்கே அனுப்புவதற்கென்று மூன்றாம் ராமா மன்னர் 1837-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. இன்றைக்கு மேலே சாலையில் கார்கள் நகராமல் நிற்க, கீழே இந்தப் படகுகள் பறக்கின்றன.

துறையில் படகு சில விநாடிகள்தான் நிற்கும். கயிற்றைப் பிடித்துத் தாவி ஏற வேண்டும். ஓரத்தில் இடம் கிடைத்தால் உங்களுக்கு ஒரு வேலையும் கிடைக்கும். பக்கவாட்டில் பிளாஸ்டிக் படுதா தொங்கும். எதிரே படகு வரும்போது கயிற்றை இழுத்து அதை உயர்த்த வேண்டும். விட்டால் அந்த வரிசையே கறுப்புத் தண்ணீரில் நனையும். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு பேச்சும் இல்லாமல் கயிற்றை என் கையில் திணித்தார். இறங்கும் வரை எங்கள் வரிசைக்கு நான்தான் காவல். கூட ஆள் வந்திருந்தால் நாங்கள் இருவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு போயிருப்போம். கயிறு அந்த அம்மாவிடமே இருந்திருக்கும்.

டிக்கெட் கொடுப்பவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, ஓடும் படகின் வெளி விளிம்பில் நடந்தபடி காசு வாங்குகிறார்கள். தாழ்வான பாலம் வந்தால் குனிகிறார்கள். படகின் கூரையும் கூடவே இறங்குகிறது! ஹுவா சாங் துறையில் இறங்கினால் ஜிம் தாம்ஸன் வீடு பக்கம்தான். தாய்லாந்துப் பட்டை உலகத்துக்கு விற்ற அந்த அமெரிக்கர் 1967-ல் மலேசியாவின் கேமரன் மலையில் காணாமல் போனார். இன்றுவரை துப்பு இல்லை. வீட்டைப் பார்ப்பவர்கள் பலர் எதிர்க்கரையைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பட்டு நெய்து கொடுத்த சாம் முஸ்லிம்களின் பான் குருவா குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. சந்துகள் குறுகல், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஒற்றை ஆளுக்கு அது ஒரு குறையா?

சாப்பாட்டிலும் இந்த ஊர் தனி ஆளை ஒதுக்குவதில்லை. தெருக்கடையில் ஒரு தட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், முடிந்தது. சைவம் சாப்பிடுபவர்கள்தான் கொஞ்சம் திண்டாடுவார்கள்; காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தைத் தேடுங்கள். பார்வைக்கு 17 என்று எழுதியது போலிருக்கும், 'ஜே' என்று படிக்க வேண்டும். அந்தக் கடையில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை.

சிரமம் எங்கே வருகிறது என்றால், அரண்மனை வாசலில். நல்ல சட்டை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன், டுக்டுக் மிகவும் மலிவு" என்பார். அந்த வண்டி கடைசியில் நிற்கும் இடம் ரத்தினக்கல் கடை அல்லது தையல் கடை. விசேஷ அரச நிகழ்ச்சிகள் தவிர, காலை 8.30-லிருந்து மதியம் 3.30 வரை அரண்மனையில் டிக்கெட் கொடுக்கிறார்கள். நேரே வாசலுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பேராகப் போனால் ஒருவர் மயங்கினாலும் மற்றவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். தனி ஆளுக்கு அந்தக் கை இல்லை; ஏமாற்றுகிறவர்களுக்கும் இது தெரியும். மீட்டர் போட மறுக்கும் டாக்ஸிக்காரரிடம் பேரம் பேசி நிற்பதைவிட அடுத்த வண்டிக்குக் கை காட்டுவது மேல். ஏப்ரல் வெயிலில் தண்ணீர் குடி என்று நினைவூட்டவும் ஆள் கிடையாது. என்னைக் கேட்டால், திருட்டு பயத்தைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இன்னொன்று. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிடுவார்கள். நீங்களும் நில்லுங்கள்.

சீலோம் சாலையில் நம்மவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாட் கேக் என்கிறார்கள். கோபுரம் பார்த்தால் மாயவரம் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும், உள்ளே மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. விஜயதசமி அன்று அம்மன் ஊர்வலத்துக்காகச் சாலையையே மூடிவிடுவார்கள். அன்றைக்குப் போகிறவர்கள் வண்டியை நம்பாமல் சாலா டேங் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள், சாயங்காலமே போனால்தான் நிற்க இடம் கிடைக்கும்.