எண்ணியும் எண்ணமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுவதும் எண்ணுதலே. உள்ளத்தில் ஆய்ந்து கருதுவதும் எண்ணுதலே. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியினருக்கு, கணிப்பொறியின் செயலிக்குள் அமைந்துள்ள எண்ணிகளைப் பற்றிய செய்தி அயலானது அன்று. முதற்பொருளில் எண்ணுவது பொறி. இரண்டாம் பொருளில் எண்ண வேண்டியவர் மனிதர்.

கணிப்பொறி மெதுவாக இயங்குகிறது என்று ஒருவர் முறையிட்டால், அதனைப் பராமரிப்பவர் முதலில் பார்ப்பது செயலி எத்தனை விழுக்காடு வேலையில் இருக்கிறது என்பதையே. நூறு விழுக்காடு என்று திரை காட்டினால், செயலி முழுமூச்சாய் உழைக்கிறது, இனிப் புதிய பொறி வாங்குவதே வழி என்ற முடிவு பிறக்கிறது. அந்த நூறு விழுக்காடு உண்மையில் சொல்வது என்ன? அந்நேரம் முழுவதும் ஏதோ ஒரு நிரல் செயலியைத் தன்வசம் வைத்திருந்தது என்பது மட்டுமே. அவ்வேளையில் செயலி உழைத்ததா, நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை கைகட்டி நின்றதா என்பதை அந்த எண் சொல்லாது.

ஒரு நூலகத்தைக் கருதுக. நூல் ஒன்று கேட்டால், உதவியாளர் உள்ளே சென்று, அதனோடு அடுத்துள்ள ஏழு நூல்களையும் சேர்த்து எடுத்து வருகிறார். அடுக்கின் வரிசைப்படியே படிப்பவருக்கு ஒரு நடையில் எட்டு நூல்கள் கிடைக்கும். அடுக்குக்கு ஒன்றாகத் தாவித் தாவிக் கேட்பவருக்கோ, நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. இருவரும் நாள் முழுதும் நூலகத்தில்தான் இருந்தனர். படித்த அளவோ வேறு.

செயலியிலும் இதுவே நிகழ்கிறது. பெரும்பாலான செயலிகள் நினைவகத்திலிருந்து 64 பைட்டு கொண்ட தொகுதியாகவே தரவை எடுத்துக் கேச் என்னும் அண்மை நினைவகத்தில் வைக்கின்றன. எட்டு பைட்டு எண்களாயின், ஒரு தொகுதியில் எட்டு எண்கள். சி மொழியில் எழுதிய நிரல், பெரியதோர் அணியின் எண்களைக் கிடைவரிசையாகக் கூட்டினால், வந்த எட்டும் பயன்படும். நெடுவரிசையாகக் கூட்டினால், ஒன்று பயன்பட, ஏழு வீணாகித் திரும்பக்கூடும். விடை ஒன்றே, திரை காட்டும் நூறு விழுக்காடும் ஒன்றே, காலமோ பன்மடங்கு வேறுபடும். கேச்சில் உள்ள தரவு சில துடிப்புகளில் கிட்டும். முதன்மை நினைவகத்தில் உள்ளதற்கு இருநூறு துடிப்புக்கு மேலும் ஆகக்கூடும்.

இவ்வேறுபாட்டை வெளிப்படுத்துவனவே செயற்பாட்டு எண்ணிகள். இவை செயலியின் சில்லிலேயே பதிந்தவை. கடந்த துடிப்புகள், முடிந்த கட்டளைகள், கேச்சில் கிடைக்காத தேடல்கள், தவறாக ஊகித்த கிளைப்பாதைகள் ஆகிய நிகழ்ச்சிகளை இவை எண்ணுகின்றன. எண்ணும் வேலையை வன்பொருளே செய்வதால், நிரலின் ஓட்டம் தடைப்படுவதில்லை. முடிந்த கட்டளைகளைத் துடிப்புகளால் வகுத்தால், ஒரு துடிப்புக்கு எத்தனை கட்டளை என்பது தெரியும். இக்காலச் செயலி ஒரு துடிப்பில் நான்கு கட்டளைகளையேனும் முடிக்க வல்லது. அந்த ஈவு ஒன்றுக்கும் மிகக் கீழே இறங்கிக் கேச் தவறுகளும் மிகுந்திருந்தால், செயலி உழைப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம் என்று ஐயுறலாம்.

இவ்வெண்ணிகள் தொடக்கத்தில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 1993-இல் வெளிவந்த பென்டியம் செயலியில் இவை இருந்தன. பொதுக் கையேட்டில் இவற்றின் விளக்கம் இல்லை. நார்வே நாட்டு நிரலாளர் டெர்யே மாதிசன் தாமே ஆய்ந்து கண்டவற்றை 1994 ஜூலை ‘பைட்’ இதழில் எழுதினார். 1997-இல் டிஜிட்டல் நிறுவனத்தார், ஆல்ஃபா செயலியின் எண்ணிகளைக் கொண்டு, ஓடும் பொறியை ஓயாது கவனிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அதற்கான செலவு ஒன்று முதல் மூன்று விழுக்காடே. 2009-இல் லினக்ஸ் கருவிலேயே எண்ணிகளுக்கான பொது வழி அமைந்தது.

எண்ணி இருந்தால் மட்டும் போதுமா? அதனை இடையறாது படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்பணியைச் செய்யும் சிறு நிரலே முகவர். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் 1990-களில் தோன்றி, 2000-இல் திறந்த மூலமாக்கப்பட்ட ‘பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட்’ என்னும் தொகுப்பில் இத்தகைய முகவர் பலர் உண்டு. அவர்களுள் ‘பெர்ஃப்இவென்ட்’ என்னும் முகவர், எந்த நிகழ்ச்சிகளை எண்ணுவது என்பதைத் தன் அமைப்புக் கோப்பில் படித்து, எண்ணிகளைத் திறந்து, செயலி ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் கேட்போர்க்கு அளிக்கிறது. கேட்பவர் இரு வேளைகளில் பெற்ற தொகைகளைக் கழித்து, இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம் தெரியும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். எண்ணத்தக்க நிகழ்ச்சிகள் நூற்றுக்கணக்கானவை, எண்ணிகளோ சில. 2008-இல் வந்த நேஹலம் வகை இன்டெல் செயலியில், இழை ஒன்றுக்குப் பொது எண்ணி நான்கு, ஒன்றையே எண்ணும் நிலை எண்ணி மூன்று. அவற்றுள் ஒன்றை இயங்குதளம் தன் காவற்பணிக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. அதிகம் கேட்டால், இயங்குதளம் எண்ணிகளை முறை மாற்றிக் கொடுக்கிறது. கால்பங்கு நேரமே எண்ணி ஒரு கோடி கண்டால், முழு நேரத்துக்கு நான்கு கோடி என்று பெருக்கிக் கொள்வர். இது கண்டதன்று, மதிப்பீடு. எண்ணாத முக்கால்பங்கில் நிரலின் போக்கு மாறியிருந்தால், மதிப்பீடு பொய்த்துப் போகும். அம்முகவர் தொகையோடு நில்லாமல், எண்ணி எவ்வளவு பங்கு நேரம் உண்மையாக எண்ணியது என்பதையும் அருகே வைத்துத் தருகிறது. தன் அறிவின் எல்லையைத் தானே சொல்லும் சாட்சி நம்பத்தக்க சாட்சி அன்றோ!

மற்றொன்றும் உண்டு. உள்ளே நிகழ்வதைக் காட்டும் சாளரம் வேவுக்கும் உதவும். கேச்சின் நடத்தையிலிருந்து மறைபொருளை அறியலாம் என்பதை 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைபாடுகள் உலகறியச் செய்தன. எண்ணிகளை எவரும் படிக்க விடுவது அறிவுடைமை ஆகாது. உரிமை பெற்ற முகவர் மட்டும் எண்ணிகளைத் தொட்டு, பிறர்க்குச் செயலியின் மொத்தத் தொகையை மட்டும் தருவது இடரைக் குறைக்கும் நல்வழி.

இனி, நூறு விழுக்காட்டைக் கண்டு புதிய பொறி வாங்க முனைந்தவரிடம் திரும்புக. எண்ணிகளின் சான்றைக் கேட்டிருந்தால், நிரலில் கூட்டும் வரிசையை மாற்றும் சில வரித் திருத்தமே போதும் என்று அவர் அறிந்திருக்கக் கூடும். பணமும் மின்சாரமும் மிஞ்சியிருக்கும். ஆனால் எந்த நிகழ்ச்சியை எண்ணச் சொல்வது என்ற கேள்வியை எந்த எண்ணியும் எழுப்பாது. அது மனிதர் எண்ணிப் பார்த்துக் கேட்க வேண்டியது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்துக்கும் இது பொருந்தும். நடந்த கூட்டங்கள் எத்தனை என்று வருகைப் பதிவேடு சொல்லிவிடும். அவற்றுள் எவை உள்ளத்தில் பதிந்தன என்பதை அவையோரே எண்ணிப் பார்க்க வேண்டும்.