மணிக்கூட்டை விற்பதா, வைத்திருப்பதா?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பெரிய விடயங்களைப் பேசுவதுதான் வழக்கம். நான் ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எங்களில் அநேகம் பேர் ஐம்பதைக் கடந்துவிட்டோம். தாய் தகப்பன் போனபின் வீட்டை ஒதுக்கும் வேலை பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது. அப்போது அலுமாரி லாச்சியில் ஒரு பழைய கைமணிக்கூடு அகப்படும். நகை என்றால் நிறுத்துப் பங்கு பிரிக்கலாம். காணி என்றால் நொத்தாரிசு இருக்கிறார். மணிக்கூட்டை நாலாக வெட்ட முடியாது. அதை விற்பதா, வைத்திருப்பதா, யார் வைத்திருப்பது என்பதில் பேச்சை நிறுத்திக்கொண்ட சகோதரங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இதைச் சின்ன விடயம் என்று தள்ளிவிடவும் முடியாது.

மன்னாரில் மணிக்கூட்டுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. 1914இல் தலைமன்னார் பியருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இரவு கொழும்பில் ஏறினவர் விடியத் தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் கடலைக் கடந்து, தனுஷ்கோடியில் மறுபடி புகையிரதம் ஏறிச் சென்னை எழும்பூருக்குப் போனார். புகையிரதமும் கப்பலும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டிய இடத்தில் நேரம் தவறினால் எல்லாமே தவறும். அந்தத் துறையில் வேலை செய்தவர்களுக்கு மணிக்கூடு தொழில் ஆயுதம். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடி, யுத்தம் தொடங்கிய காலத்தில் அதுவும் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச் 14ஆம் திகதிதான் தலைமன்னாருக்கு மறுபடி புகையிரதம் வந்தது.

என் அப்பா அந்தப் பாதையில் வேலை செய்தவர். அவரிடம் இருந்தது ரோமர் என்ற சுவிஸ் மணிக்கூடு. உருக்கு உடல், தோல் பட்டி, தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும்.

இளையவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணி பின்னே எடுத்தது. இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. ஆகவே எங்கள் மாவட்டத்திலேயே இரண்டு நேரம் ஓடியது. தீவில் புது நேரம், உயிலங்குளத்துக்கு அப்பால் பழைய நேரம். என் அப்பா தீவில் இருந்துகொண்டே தன் மணிக்கூட்டை மாற்றவில்லை. அவரிடம் நேரம் கேட்டால் நாங்கள் அரை மணியைக் கூட்டிக்கொள்வோம். 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியபோது, அவர் முள்ளைத் தொடாமலே அவருடைய மணிக்கூடு சரியாகிவிட்டது. இந்தக் கதைக்குச் சந்தையில் விலை கிடையாது. எங்கள் வீட்டில் அதற்கு விலை உண்டு.

ஆனால் கதையே விலையாகும் சந்தர்ப்பமும் உலகத்தில் உண்டு. அமெரிக்க நடிகர் போல் நியூமன் அணிந்த ரோலெக்ஸ் டேட்டோனா மணிக்கூடு 2017 ஒக்ரோபரில் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலை போனது. நியூமன் அதைத் தன் மகளுடைய நண்பனாக இருந்த ஒருவருக்குக் கொடுத்திருந்தார். அவர்தான் விற்றார். கிடைத்ததில் ஒரு பகுதி அந்த மகளின் அறக்கட்டளைக்குப் போனது. வாங்கினவர்கள் கொடுத்தது ஒரு பேருக்கான விலை. எங்கள் அப்பாமாருக்கு அந்தப் பேர் இல்லை. ஆகவே செய்தியை வாசித்துவிட்டு லாச்சியைத் திறந்து கனவு காண வேண்டாம்.

கனவுக்குப் பதிலாகப் பொருளைச் சரியாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று எடுத்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. மணிக்கூட்டை அப்படி விற்கக்கூடாது. நம்பிக்கையான திருத்துனரிடம் கொண்டுபோய் உங்கள் முன்னாலேயே பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பேரையும் இலக்கத்தையும் படம் எடுங்கள். பழைய சீக்கோ என்றால் பின்மூடி இலக்கத்தின் முதல் எண் ஆண்டின் கடைசி எண்ணையும், இரண்டாவது மாதத்தையும் காட்டும். லொஞ்சின்ஸ் போன்ற கொம்பனிகள் தங்கள் பழைய பதிவேடுகளைப் பார்த்து விவரம் சொல்கின்றன. மஞ்சளாக மினுங்குவதெல்லாம் பொன் அல்ல. பின்மூடி மட்டும் உருக்கு என்று எழுதியிருந்தால் மற்றப் பகுதி பெரும்பாலும் முலாம். 18 கரட் பொன் என்றால் 750 என்ற முத்திரையைத் தேடுங்கள்.

இன்னும் சில. விற்கும் எண்ணம் இருந்தால் மினுக்க வேண்டாம், முகப்புக்குப் புது வர்ணம் பூச வேண்டாம். சேகரிப்பவர்கள் பழைய முகத்தைத்தான் விரும்புவார்கள், புதுப்பித்தால் விலை குறையும். பல வருடம் நின்ற மணிக்கூட்டுக்கு எடுத்தவுடன் சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், பல்சக்கரங்கள் தேயும். எங்கள் உப்புக் காற்றில் சாவிக் குமிழின் அடியில் துருப்பிடிப்பதும் சாதாரணம். 1960களுக்கு முந்தியவற்றில் இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் பூசியிருப்பார்கள். அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். விலை விசாரிக்கும்போது கேட்கப்படும் விலையைப் பார்க்காமல், விற்றுப்போன விலையைப் பாருங்கள். இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

இப்படிப் பார்த்தபின் பெரும்பாலானவர்களுக்கு ஓர் உண்மை தெரியவரும். அப்பாவின் மணிக்கூடு பெரிய காசு அல்ல. திருத்துகிற கூலியே சில வேளை அதன் விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

இனி, விற்பது பாவமா என்ற கேள்வி. என் அம்மாவிடம் அவவின் தாயார் கொடுத்த ஒரு சின்னப் பொன் மணிக்கூடு இருந்தது. 1990இல் நாங்கள் வள்ளத்தில் அக்கரைக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்தபோது தங்கைக்குக் கடும் காய்ச்சல். அம்மா அதை இராமநாதபுரத்தில் விற்றா. கடைக்காரர் பொன்னை நிறுத்துக் காசு தந்தார். உள்ளே இருந்த இயந்திரத்தைக் கடதாசியில் சுற்றித் திருப்பித் தந்தார். அம்மா ஒருநாளும் அதை நினைத்து அழவில்லை. தங்கை இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறா.

அதே வருடம் ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டியில் இருந்தும் மற்ற ஊர்களில் இருந்தும் எங்கள் முஸ்லிம் தோழியரின் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. எதைக் கொண்டு போகலாம், எதை விட்டுப் போக வேண்டும் என்பதை வேறு ஆட்கள் தீர்மானித்தார்கள். அதை நினைத்தால், விற்கலாமா வைத்திருக்கலாமா என்று உட்கார்ந்து யோசிப்பதே பெரிய பாக்கியம். அந்தப் பாக்கியத்தைச் சண்டையில் வீணாக்கக்கூடாது.

எங்கள் வீட்டிலும் சண்டை வரத்தான் பார்த்தது. 2022இல் டொலர் இரண்டு மாதத்துக்குள் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் இல்லை. தம்பியின் வள்ளம் கரையில் கிடந்தது, இயந்திரமும் பழுது. அந்த நேரம் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் டொலரில் ஒரு விலை சொன்னார். தம்பி, விற்போம் என்றான். கனடாவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் அழுதா. அப்பாவின் கையில் இருந்ததை எப்படி விற்பது என்று கேட்டா. தம்பி சொன்னான்: "அக்கா, உங்களுக்கு அது ஞாபகம். எனக்கு அது ஒரு மாதச் சோறு."

நான் இன்று சொல்ல வந்த முக்கியமான விடயம் இதுதான். வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. விற்றிருந்தால் கிடைத்திருக்கும் காசு அந்த விலை. அதை யார் கொடுக்கிறார்கள்? வெளிநாட்டில் வசதியாக இருப்பவர்கள் விற்க வேண்டாம் என்று அழுவது சுலபம். அந்த அழுகையின் செலவை ஊரில் இருக்கும் கஷ்டப்பட்ட சகோதரன் கொடுக்கிறான். உயில் எழுதப்படாத பொருள் உரித்தாளர் எல்லோருக்கும் சொந்தம். ஆகவே வைத்திருக்க விரும்புகிறவர், விற்க விரும்புகிறவரின் பங்கைக் கையில் கொடுக்க வேண்டும். உதவி என்று சொல்லிக் கொடுக்காமல், பங்கு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. உதவி வாங்குகிறவன் தலை குனிவான். பங்கு வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்பான்.

சேகரிப்பாளர் சொன்ன விலையை நாலாகப் பிரித்துத் தம்பியின் பங்கை அக்கா அனுப்பினா. இயந்திரத்தின் முழுச் செலவுக்கு அது காணாது. நானும் தங்கையும் எங்களால் இயன்றதைக் கடனாகக் கொடுத்தோம். மணிக்கூடு இப்போது தம்பியின் மகளிடம் இருக்கிறது. அக்கா அதைக் கனடாவுக்குக் கேட்கவில்லை. தினமும் சாவி கொடுக்கிற ஒருவரிடம் இருக்கட்டும் என்று சொன்னா. பொருட்கள் மகனுக்குத்தான் போகவேண்டும் என்ற பழக்கமும் அதோடு எங்கள் வீட்டில் முடிந்தது. தம்பிக்கு அதில் முழுத் திருப்தியா என்று கேட்டால், இன்னும் இல்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

ஆகவே வீட்டில் இப்படி ஒரு பொருள் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காசு யாருடைய தேவையை உண்மையாகத் தீர்க்கும்? ஒரு பிள்ளையின் உயிர், படிப்பு, கூரை என்றால் விற்றுவிடுங்கள், பெற்றவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். வைத்திருந்தால் அதைப் பாவிக்கப்போவது யார்? யாருமில்லை என்றால் லாச்சியில் துருப்பிடிக்க விடுவது மரியாதை ஆகாது. மூன்றாவது, வைத்திருப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

விற்றாலும் சரி, வைத்திருந்தாலும் சரி, அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பொருளின் கதையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யார் வாங்கியது, எங்கே வேலை செய்தார், எந்த இடப்பெயர்வில் எந்தப் பையில் இருந்தது என்று எழுதுங்கள். ஒரு படமும் சேருங்கள். எங்கள் வீடுகளின் அல்பங்களும் பத்திரங்களும் எத்தனையோ அழிந்துவிட்டன. எஞ்சியிருப்பது எங்கள் வாயில் உள்ள கதைதான், அதற்கும் வயது போகிறது. சங்கச் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது: பழைய மாணவியர் அனுப்பும் அந்தப் பக்கங்களுக்குப் பாடசாலை நூலகத்தில் ஒரு கோவை திறவுங்கள். மணிக்கூடு மட்டும் அல்ல, தையல் இயந்திரம், பெட்டகம், வலை பின்னும் ஊசி எதுவானாலும் சேரட்டும். முதல் பக்கத்தை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தருவேன்.